பதம்

தமிழிலே பதம் என்ற சொல்லுக்குப் பொருள்கள் பல. சொல்லுக்கும் பதம் என்று பெயர்; இசையரங்கிலே பாடப்படும் ஒருவகைப் பாட்டுக்கும் பதம் என்று பெயர்; இறைவன் திருவடிக்கும் அதே பெயர். இவற்றையெல்லாம் புலவர் பெருமக்களிடம் ஒப்படைத்துவிட்டு, அடுக்களையிலே நம் தாய்மார் வழங்கும் பதத்தை மாத்திரம் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். சீனிப்பாகு கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று பார்க்கின்றார்களே, அந்தப் பதம். நெய் உருக்குவோரும், நெல் அவிப்போரும், மழை விட்டபின் மண்ணை ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்து ஏரைப் பூட்டும் உழவரும் தேடுகின்ற பதமும் அதுவே.

இந்தப் பதங்கள் இருவகைப்படும் என்பது என் எண்ணம். ஒரு வகையிலே காரியம் தானாகவே முடிவுக்கு வந்து நிற்கும். முடிந்துவிட்டதா என்று அறிவது ஒன்றே நம் வேலை. மற்ற வகையிலே காரியம் நிற்பதேயில்லை. ஓடிக்கொண்டிருப்பதை எங்கே மறித்தால் நன்மையோ அங்கே நாமாகவே மறிக்கவேண்டும். பொகவந்தலாவையிலே பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையின் வாசனை வீட்டுக்குள் வந்து போகும் தூரத்திலே வளர்ந்த எனக்கு, இந்த வேறுபாட்டைத் தெளிவாக எண்ணிப் பார்க்கும் சந்தர்ப்பம் முதுமையிலேதான் வாய்த்தது. அதற்குக் காரணம் கனடாவிலே குடியேறிவிட்ட என் பள்ளித் தோழர் ஒருவர் அனுப்பிய ஒரு கேள்வி.

அந்த நாட்டுக் குளிரிலே அவர் வீட்டின் நிலவறையில் பியர் வடிக்கப் பழகியிருக்கின்றார். அங்கே அது குற்றமன்று. நம் நாட்டிலோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாத எவரையும் அப்படிச் செய்யவிடாது. ஊறவைத்த பியரைப் பீப்பாய்க்கு மாற்றும் வேளையை அறிவது எப்படி என்பதே அவருடைய ஐயம். ஒருவர் ஒரு வாரம் என்கின்றார். மற்றொருவர் இரண்டு வாரம் என்கின்றார். குமிழி நின்றதும் மாற்றலாம் என்கின்றார் வேறொருவர். 'நீ விஞ்ஞானம் படிப்பித்தவன், நீ சொல்' என்று எழுதியிருந்தார்.

நான் எழுதிய பதில் சுருக்கமானது. நாட்காட்டியையும் நம்பாதே, குமிழியையும் நம்பாதே, நீரமானியை நம்பு என்றேன். முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாறு நீரைவிடக் கனமானது. அதிலுள்ள சீனியை மதுவம் என்னும் நுண்ணுயிர் தின்று, மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. மதுசாரம் நீரைவிட இலேசானது. ஆகவே நாளுக்கு நாள் சாறு இலேசாகிக்கொண்டு வர, அதில் மிதக்கும் கண்ணாடிக் குழாயும் நாளுக்கு நாள் ஆழ அமிழ்ந்துகொண்டு போகும். தொடக்கத்திலே 1.050 என்று காட்டிய தன்னீர்ப்பு 1.010 அளவுக்கு இறங்கி, அதன்பின் மூன்று நாள் அடுத்தடுத்துப் பார்த்தாலும் அசையாமல் நின்றால், மதுவம் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். குமிழியோ பொய் சொல்லக்கூடியது. மூடியில் சிறு கசிவு இருந்தால் நொதித்தல் நடக்கும்போதே குமிழி நின்றுவிடும். எல்லாம் முடிந்தபின் அறை சற்றே வெதுவெதுப்பானால், கரைந்திருந்த வாயு வெளிப்பட்டு மறுபடியும் குமிழி தோன்றும்.

வேலை முடியுமுன் அடைத்தால் என்ன கெடுதி? போத்தலானால் வாயு மிகுந்து வெடிக்கும். பீப்பாய்க்கு அமுக்கத்தை வெளிவிடும் வாயில் உண்டாகையால் அது வெடிப்பது அரிது. ஆனால் அடிமண்டி கலங்கும், மதுவம் கடைசி நாட்களில் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் ஒரு வெண்ணெய் வாடை உறிஞ்சப்படாமல் தங்கிவிடும். ஆனால் இரண்டு மூன்று நாள் பிந்தினால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. அவசரத்துக்குத் தண்டனை உண்டு. தாமதத்துக்கு ஏறக்குறைய இல்லை. பியரின் பதம் இவ்வளவு இரக்கமுள்ளது.

இதை எழுதி முடித்தபோதுதான் என் ஊரின் பதம் எவ்வளவு இரக்கமற்றது என்பது உறைத்தது. பியரும் நமக்குப் புதியதன்று. நுவரெலியாவின் குளிரையும் நீரையும் நம்பி 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளையர் அங்கே பியர் ஆலை அமைத்தனர். பிற்காலத்தில் அது பியகமைக்குப் பெயர்ந்தது. ஆனால் எங்கள் பள்ளத்தாக்கிலே நாள்தோறும் நொதிக்க வைக்கப்படுவது வேறு பொருள். அது கொழுந்து.

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்றே சொல்லுவார்கள். கோப்பிக் காலத்துச் சொல் அது. 1869இலே கோப்பி இலைகளில் துருநோய் கண்டு, அடுத்த ஆண்டுகளில் அந்தப் பயிர் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்ட பின்னும் பெயர் மாறவில்லை. பகலெல்லாம் மலையிலே பறித்த கொழுந்து மாலையில் ஸ்டோருக்கு வரும்போது, அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். இரவு முழுவதும் காற்றோட்டத்திலே வாட்டி, அந்நீரில் பெரும்பகுதியைப் போக்குவர். வாடிய கொழுந்தை உருட்டும் இயந்திரத்திலே இட்டால், இலை சுருண்டு முறுகும்; அதன் கண்ணறைகள் உடைந்து சாறு வெளிப்படும். பிறகு சலிப்பார்கள். சல்லடையில் விழுவது முதலாம் தூள். மிஞ்சியதை மறுபடி உருட்டிச் சலித்தால் இரண்டாம் தூள், பிறகு மூன்றாம் தூள். இந்தத் தூள்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே, குளிர்ந்த ஈரக் காற்றுள்ள ஓர் அறையிலே, இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் பரப்பி வைப்பார்கள். பச்சையாக வந்த தூள் அங்கே கிடந்து சிவக்கத் தொடங்கும். எந்நேரத்தில் அதை அள்ளி அடுப்பு இயந்திரத்துக்கு அனுப்புவது என்பதுதான் கேள்வி. உருட்டத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணியிலிருந்து மூன்று மணி நேரம் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு மணி நேர இடைவெளிக்குள்ளேதான் நல்ல தேயிலையும் கெட்ட தேயிலையும் பிரிகின்றன.

இதை நொதித்தல் என்று அழைப்பது ஒரு பழைய தவறு. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு மேதை பியரைப்பற்றி 1876இலே ஒரு நூல் வெளியிட்டார். நொதித்தல் என்றாலே நுண்ணுயிர் என்று உலகம் எண்ணிய காலம் அது. தூளிலே அப்படி எந்த உயிரும் வேலை செய்வதில்லை. இலைக்குள்ளேயே இருக்கும் நொதியம் ஒன்று, கண்ணறை உடைந்ததும் துவர்ப்புச் சத்துக்களோடு கலந்து, காற்றின் ஒட்சிசனைக் கொண்டு அவற்றை மாற்றுகின்றது. வெட்டி வைத்த அப்பிள் பழமும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே காரணத்தால்தான். உண்மையான பெயர் ஒட்சியேற்றம். ஆயினும் ஸ்டோரிலே எவரும் அதைச் சொல்லுவதில்லை. பழக்கத்தில் ஊறிய பெயரை மாற்ற இரசாயனத்தால் முடியாது போலும்!

பெயர் எப்படியாயினும், இங்கே மதுவம் தின்று முடித்து ஓய்வது போன்ற ஓய்வு கிடையாது. 1950களிலே ரொபர்ட்ஸ் என்பவர் செய்த ஆராய்ச்சி இதை விளக்கியது. துவர்ப்புச் சத்திலிருந்து முதலில் தியாபிளேவின் என்ற பொன்னிறப் பொருள்கள் உண்டாகின்றன. சாயத்தின் ஒளியும், நாக்கைச் சுண்டியிழுக்கும் அந்த உறைப்பும் அவற்றால் வருவன. அவையே மேலும் மாறித் தியாருபிஜின் என்ற செம்பழுப்புப் பொருள்களாகின்றன; நிறத்தின் ஆழமும் கனமும் இவற்றால் வருவன. முதலாவது ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கத் தொடங்கும். இரண்டாவது ஏறிக்கொண்டே போகும். இவற்றுக்கிடையே வாசனை வேறு தன் வழியிலே வந்து தன் வழியிலே போய்விடும். எல்லாம் ஒருங்கே நிறைந்து நிற்கும் கணம் என்று ஒன்று இயற்கையில் இல்லை. முந்தி எடுத்தால் தேநீர் பச்சை வாடையும் கசப்புமாக இருக்கும். பிந்தி எடுத்தால் நிறம் மங்கி, உறைப்பு அடங்கி, சப்பென்று இருக்கும். அவசரத்துக்கும் தண்டனை, தாமதத்துக்கும் தண்டனை. கொடுத்ததைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

என் சிறிய தகப்பனார் எங்கள் பகுதித் தோட்டமொன்றின் ஸ்டோரிலே நெடுங்காலம் இந்த அறையில் வேலை செய்தவர். பள்ளியிலே மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். தூளை இரு கையாலும் அள்ளி, சற்றே அழுத்தி, முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஒருமுறை மூச்சை உள்ளிழுப்பார். அந்த ஒரு மூச்சோடு சரி. இரண்டாம் முறை முகர்ந்தால் மூக்கு ஏமாற்றிவிடும் என்பார். பிறகு டீ மேக்கரைப் பார்த்து, 'பச்சை இன்னும் போகலிங்க ஐயா' என்பார். அல்லது 'எடுத்துறலாங்க' என்பார். வேலைக்குப் போகுமுன் வெற்றிலை போடமாட்டார். சுருட்டுக் குடிப்பாரோடு உட்காரமாட்டார். வாசனைச் சவுக்காரம் வீட்டுக்குள் வரவே கூடாது. தடிமன் பிடித்த நாட்களிலே மூக்கைப் பக்கத்திலிருப்பவரிடம் கடன் வாங்கிக்கொண்டு, தாம் உள்ளங்கையின் சூட்டை மாத்திரம் பார்ப்பார். ஒட்சியேற்றம் உஷ்ணத்தைப் பிறப்பிக்கும் என்பதும், அது உச்சிக்கு வந்து தணிவது பதத்தின் ஓர் அடையாளம் என்பதும் நூல்களிலே உண்டு. அவர் எந்த நூலையும் பார்த்தவரல்லர்.

பச்சைப் புல்லின் வாடை முதலில். அது மெல்ல விலக, ஓர் இனிய நெடி எழும்பும். அதை அவர் 'முதல் வாசனை' என்பார். அதிலே மயங்கிவிடக்கூடாதாம். அது தணிந்து, சிறிது நேரம் ஒன்றுமில்லாதது போலிருந்து, பின் பழுத்த பழமும் பூவும் கலந்தாற்போல இன்னொரு வாசனை வரும். அதுதான் வேளை. அப்போது தூளின் நிறமும், புளி போட்டுத் துலக்கிய செம்புக்குடம் போலிருக்கும். அதையும் விட்டுவிட்டால் பழத்தின் வாசனை புளித்த வாசனையாகிவிடும்.

புதிதாக வந்த இளைஞர் ஒருவர் டீ மேக்கராயிருந்த ஒரு தை மாதத்து இரவைப்பற்றிச் சிறிய தகப்பனார் பலமுறை சொல்லியிருக்கின்றார். அன்று மலையிலே பனி உறைந்த குளிர். குளிரிலே நொதியம் மந்தமாக வேலை செய்யும். தூள் சிவக்கப் பிந்தும். ஆனால் சுவரிலே தொங்கிய அட்டவணைப்படி நேரம் முடிந்துவிட்டது. எடுக்கச் சொன்னார் இளைஞர். 'ஐயா, பச்சை இருக்கு' என்றார் இவர். 'மணி இருக்கின்றது பார்' என்றார் அவர். தூள் அடுப்புக்குப் போயிற்று. சில நாட்களின் பின் கொழும்புத் தரகர்களிடமிருந்து வந்த குறிப்பிலே, தேநீர் பச்சையாக இருந்தது என்று எழுதியிருந்ததாம். அந்த இளைஞர் நல்ல மனிதர். அதன்பின் இவருடைய கையைப் பார்க்காமல் மணியைப் பார்க்கவில்லை. பிற்காலத்திலே பெயர்பெற்ற டீ மேக்கராகவும் விளங்கினார். ஆனால் தூளை எடுத்த நேரத்தை எழுதும் பதிவேட்டிலே கையொப்பத்துக்கு ஒரு நிரல்தான் உண்டு. அதிலே முகர்ந்தவர் பெயரை எழுத இடமில்லை. சம்பளப் பட்டியலில் அவர் கடைசிவரை ஸ்டோர் கூட்டுபவரோடு ஒரே வரிசையில், ஒரே சம்பளத்தில் இருந்தார். ஓய்வு பெற்றபோது அவருக்குப்பின் அந்த வேலைக்கு யாரைப் பழக்குவது என்று எவரும் அவரைக் கேட்கவில்லை. நம் மலையக எழுத்தாளர்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையை எழுதியிருக்கின்றார்கள். ஸ்டோருக்குள்ளே முகர்ந்து நின்ற இந்த மூக்கை, நான் படித்த அளவில், அதிகம் எழுதவில்லை.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழியை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். சோற்றுப் பானை கொதிப்பதால் கலங்கிக்கொண்டேயிருக்கின்றது; ஆகவே எந்தப் பருக்கையும் மற்றப் பருக்கைக்குச் சாட்சி. பரப்பிவைத்த தூளோ அசையாமல் கிடப்பது. ஓரம் காற்றுப்பட்டுக் குளிரும்; நடு தன் சூட்டாலேயே வேகம் கொள்ளும். ஓரத்திலே ஒரு பிடி, நடுவிலே ஒரு பிடி, அடியிலிருந்து ஒரு பிடி என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். எத்தனை பிடி பார்த்தால் நம்பலாம் என்பது வேடிக்கையான கேள்வியன்று. டப்ளின் நகரிலே கின்னஸ் என்ற பியர் ஆலையிலே வேலை பார்த்த கொசெற் என்பவர், சிறிய மாதிரிகளைக்கொண்டு பெரிய குவியலைப்பற்றி எவ்வளவு துணிந்து சொல்லலாம் என்று கணக்கிட்டு, 1908இலே 'மாணவன்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று சர்வகலாசாலைகளிலே புள்ளிவிபரவியல் படிக்கும் ஒவ்வொருவரும் கற்பது அது.

சிறிய தகப்பனாரிடம் நான் கற்ற மிக நுட்பமான செய்தி வேறொன்று. பதம் வந்தபின் எடுத்தால் பிந்திவிட்டது என்பதே அது. காரணம் மிக எளிது. அடுப்பு இயந்திரம் அறையிலுள்ள தூள் முழுவதையும் ஒரே வாயில் விழுங்காது. முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் இடையிலே நேரம் போகும். அதற்கு முந்திய தூள் இன்னும் உள்ளே இருந்தால், இது வாசலிலே காத்து நிற்கும். உள்ளே போன தூளும் அந்தக் கணமே அடங்கிவிடாது. 90 பாகை சென்டிகிரேட்டும் அதற்கு மேலும் சூடான காற்று நொதியத்தைக் கொல்லுமுன், முதற் சில நிமிடங்கள் அதை விரட்டி வேலை வாங்கும். ஆகவே முகர்பவன் இப்போதுள்ள வாசனையை மாத்திரம் அறிந்தால் போதாது. இனி வரப்போகும் கால்மணி நேரத்து வாசனையையும் இப்போதே அறியவேண்டும். 'நடுவிலே வாசனை தலை தூக்கும்போதே ஓரத்தை வாரு' என்பார். மதுவத்துக்காகக் காத்திருக்கும் என் கனடாத் தோழருக்கு இந்தக் கவலை கிடையாது.

ஓடுவதை நிறுத்தும் கலையிலே வல்ல இன்னொருவரும் எங்கள் ஊர் மண்ணிலேதான் உறங்குகின்றார். ஆங்கில நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இலே இலங்கைக்கு வந்து, 1879இலே காலமாகி, பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே அடக்கம் செய்யப்பட்டார். அவர் காலத்துப் புகைப்படம் ஈரக் கண்ணாடித் தகட்டிலே எடுக்கப்படுவது. தகடு உலருமுன் படமெடுத்து, உலருமுன் இருட்டறையிலே மருந்தை ஊற்றவேண்டும். உருவம் கண்முன்னே எழும்பும். ஒரு கணம் விட்டால் கறுத்து மூழ்கும். அந்தக் கணத்திலே நீரை ஊற்றி மறிப்பதிலே படத்தின் உயிர் இருந்தது. இலங்கையிலே அவர் எடுத்த படங்களில் உழைக்கும் மக்கள் பலர் நிற்கின்றார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பெயர் குறிக்கப்படவில்லை.

இன்று மூக்குக்குப் பதிலாக இயந்திரம் வந்துவிட்டதா என்று வாசகர்கள் கேட்கலாம். வந்துகொண்டிருக்கின்றது. கல்கத்தாவின் ஜாதவ்பூர் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆராய்ச்சிக் குழுவொன்று, வாயுக்களை உணரும் கருவிகளைச் சேர்த்து ஒரு மின்மூக்கு அமைத்து, தேயிலை நொதிக்கும் வாசனையை அளந்து, 2007இலே முடிவுகளை வெளியிட்டது. வாசனை ஒருமுறை எழுந்து தணிந்து மறுமுறை எழுகின்றது என்பதை அந்தக் கருவியும் கோடு வரைந்து காட்டிற்று. அதைப் படித்தபோது சிறிய தகப்பனார் உயிரோடில்லை. இயந்திரம் வருவதை நான் எதிர்ப்பவனல்லன். தடிமன் பிடிக்காத மூக்கு நல்லதுதான். எனினும் அந்தக் கருவிக்கு எது நல்ல வாசனை என்று முதலிலே கற்பிக்க ஒரு மனிதனின் தீர்ப்பு வேண்டும். அப்படிப்பட்ட மனிதர்களைக் கூலிப் பட்டியலுக்குள் மறைத்துவைத்து இழந்தபின் கருவியை மாத்திரம் வாங்குவோமானால், அது யாரிடம் பாடம் கேட்கும்?

இழப்பு சிறிதன்று. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேற்பட்ட கொழுந்து வேண்டும். பல தோட்டங்களிலே ஒரு பெண் ஒரு நாளிலே பறிக்கவேண்டுமென்று கேட்கப்படும் 18 கிலோ, ஸ்டோரிலிருந்து வெளிவரும்போது நாலு கிலோவுக்குள் அடங்கிவிடும். அட்டை கடித்த காலோடும் நனைந்த படங்குச் சாக்கோடும் பலர் பறித்த ஒரு நாள் உழைப்பு முழுவதும், அறையிலே ஒருவர் இழுக்கும் அந்த ஒரு மூச்சைக் கடந்தே போகவேண்டும். அதிலும் தை தொடங்கிப் பங்குனி வரை, வறண்ட காற்று வீசும் காலத்திலே, மேற்குச் சரிவின் தேயிலைக்குத் தனி வாசனை உண்டாகும். 1883இலே தொடங்கிய கொழும்பு ஏலத்திலே நல்ல விலையை எதிர்பார்ப்பதும் அதற்குத்தான். அந்த வாசனை நின்று பேசாது. ஆகவே அக்காலத்திலே நிறத்தின் ஆழத்தில் சிறிது விட்டுக்கொடுத்தும், வழக்கத்துக்கு முந்தியே தூளை எடுத்துவிடுவார்கள்.

தீர்ப்பு விடிந்தபின் வரும். இரவு செய்த ஒவ்வொரு தூளிலிருந்தும் சிறிதெடுத்துத் தனித்தனி வெள்ளைக் கிண்ணங்களிலே ஊற்றி வரிசையாக வைப்பார்கள். டீ மேக்கர் கரண்டியால் உறிஞ்சி, நாக்கிலே உருட்டி, துப்பிவிடுவார். சாயத்தைவிட, மூடியிலே கவிழ்த்துவைத்த ஊறிய இலையைத்தான் சிறிய தகப்பனார் எட்டிப் பார்ப்பார். பச்சை படர்ந்திருந்தால் முந்திவிட்டோம்; கறுத்து மங்கியிருந்தால் பிந்திவிட்டோம்; செம்பு நிறமாக மின்னினால் சரி. அந்தத் தூள் அதற்குள் சாக்கிலே ஏறியிருக்கும்; அதை எவராலும் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் கிண்ணங்களைக் கழுவி அடுக்கும்போதே, இன்றிரவு மூன்றாம் தூளை அரை அங்குலம் மெலிதாகப் பரப்பிப் பத்து நிமிடம் முன்னே எடுப்பது என்று இருவரும் பேசி முடித்துவிடுவார்கள்.